சிரித்தால்தான் பெட்டி

சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு அனுப்பும் கம்பெனி அது. ஆப்பை அப்டேட் செய்ததிலிருந்து புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் அடியோடு குறைந்துவிட்டார்கள். பட்டன் கலர்தான் காரணம் என்றார் மேனேஜர் துரைக்கண்ணு. ஆப்பைக் கவனித்துக்கொள்ளும் எழிலரசி தன் போனிலேயே பதிவு செய்து பார்த்தாள். பெயரும் முகவரியும் கொடுத்ததும் கேமரா திறந்து, நிஜ ஆள்தானா என்று பார்க்க, "சிரியுங்கள்" என்றது. ஆபீசில் சோதித்த அன்று எல்லோரும் சிரித்துத் தொலைத்திருந்தார்கள்.

"எழவு வீட்டுல எவன் சார் சிரிப்பான்?"

அவர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். அப்டேட்டுக்குப் பிறகு பதிவான ஒரே முகம். கண் வீங்கிய ஒரு பெண், பல்லெல்லாம் தெரிய.

"இந்தம்மா சிரிச்சிருக்காங்கல்ல? அது நல்லாத்தான் வேலை செய்யுது. நீ பட்டன் கலரை மாத்து."