துப்பினால் போதும்

"பரோசா ஒயின் தோட்டங்களுக்கு ஒருநாள் போயிட்டு வரலாமா?" என்று பிரிந்து போன மனைவி லொரேன் போனில் கேட்டதும், டாரிலுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான்தான் குடியை விட்டுட்டேனே. விட்டதாலதான் கோர்ட்டுல நம்ம பொண்ணு டெஸ்ஸாவையே சனி ஞாயிறு என்கிட்ட விடறாங்க."

"உன்னை யாரு குடிக்கச் சொன்னா? வாயில வச்சு ருசி பாத்துட்டு வாளியில துப்பிட வேண்டியதுதானே. அங்க எல்லாரும் அப்படித்தான். அன்னிக்கு நம்ம கல்யாண நாள், மறந்துட்டியா?"

மறப்பானா? அன்றைக்கே அடிலெய்டிலிருந்து போகிற சுற்றுலா வண்டிகளையெல்லாம் விசாரித்துச் சொன்னான். விருந்தோடு கூடியது வேண்டாம் என்றாள். ஆறு தோட்டம் காட்டுவதும் வேண்டாமாம்.

"வழிகாட்டியே போட்டோ எடுத்துத் தர்ற வண்டி இருக்கா?"

இருந்தது. நம்மோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறாளே என்று பூரித்துப் போனான்.

அந்த நாள் முழுக்க ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நாக்கில் ஒயின் பட்டபோதெல்லாம் தொண்டை கெஞ்சியது. மகள் முகத்தை நினைத்துக்கொண்டு துப்பினான். லொரேன் அவன் தோளில் கை போட்டு, "சமத்து" என்றாள்.

சாயங்காலம் வண்டியில் ஏறும்போது வழிகாட்டிப் பெண் போனோடு வந்தாள்.

"லொரேன், நீங்க சொன்ன மாதிரியே இவர் வாயில கிளாஸ் இருக்கற படமா எடுத்திருக்கேன். துப்பறது ஒண்ணுகூட இல்லை. நீங்க குடுத்த வக்கீல் விலாசத்துக்கே அனுப்பிடவா?"

"இப்பவே அனுப்பிடுங்க. திங்கக்கிழமை கோர்ட்" என்றாள் லொரேன், டாரிலின் தோளிலிருந்து கையை எடுத்தபடி.