இறக்கி வைத்த முன்பாய்

கரைக்காற்று திடீரென வலுத்ததும் செல்வதாஸ் படகின் பெரிய பாயை இறக்கினான். பிறகு பாய்மரத்துக்கு முன்னால் நின்ற சிறிய முன்பாயையும் இறக்கிப் பையில் திணித்து, காற்று பிடுங்கிவிடக் கூடாதென்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். துபாயில் முதலாளியின் பாய்ப்படகைக் கழுவிய தைரியத்தில் பழைய படகொன்றை வாங்கியவனுக்கு, உட்காருவது மட்டும் நன்றாகவே வரும்.

துடுப்பை எடுத்து வலித்தான். படகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் பக்கம் திரும்பவேயில்லை. நடுக்கடலைப் பார்த்து விரைந்தது.

செல்போன் அடித்தது. கரையில் அலைத்தடுப்புக் கற்கள்மேல் நின்றிருந்த மனைவி ஜாஸ்மிதான்.

“முன்பாயை எறக்காம என்னவாக்கும் செய்யுதிய? அதுல்லா ஒங்கள இழுத்துட்டுப் போவுது!”

“எறக்கியாச்சுட்டீ. அதுக்க மேலதான் இருக்கேன்.”

“எனக்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. வெள்ளப் பாய், காத்து நெறஞ்சு நிக்குது.”

நிமிர்ந்து பார்த்தான். பாய்மரம் மொட்டையாக நின்றது. பையைத் திறந்தான். பாய் உள்ளேதான் இருந்தது. ஒருமுறை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். டி.வி. ரிமோட்டுக்கும் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதுதான் அவனுடைய வைத்தியம். முன்பாயை ஏற்றினான்.

“ஐயோ, இப்போ ரெண்டு நிக்குது!”

அவசரமாக இறக்கினான். “இப்போ?”

“ஒண்ணு.” அவள் அழத் தொடங்கியிருந்தாள்.

“அழாதட்டீ, சோத்துக்கு வந்துருவேன்.”

பையை இறுகக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து மறுபடியும் வலித்தான். கரைத் தென்னைகள் கடல்விளிம்புக்குக் கீழே இறங்கின. பிறகு சர்ச் கோபுரமும் இறங்கியது.

“ஜாஸ்மி, என்னத் தெரியுதா?”

“ஒங்களக் காணல்ல. படகயும் காணல்ல,” என்றாள். “பாய் மட்டும் தெரியுது.”