பச்சை வைத்த நாய்கள்

“ஒண்ணுகூட இல்லையா? நல்லாப் பாத்தீங்களாண்ணே?”

“கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. பச்சை வெச்ச நாய் ஒண்ணுகூடச் சிக்கல” என்றார் ஜீப் ஓட்டுநர்.

கையிலிருந்த கணக்குத்தாளை அவள் மறுபடியும் புரட்டிப் பார்த்தாள்.

விலங்குநல அறக்கட்டளை ஒன்றில் ஆராய்ச்சியாளர் வேலை அவளுக்கு. தெருநாய்கள் எத்தனை, பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று கண்டுபிடிக்க வேண்டும். “இவ்வளவு படிச்சு டாக்டர் பட்டம் வாங்கிட்டு, கடைசியில நாய் எண்ணப் போறீங்களே அண்ணி!” என்று நாத்தனார் வாய்க்கு வாய் கேலி செய்வாள்.

நாய் எண்ணுவது லேசுப்பட்ட காரியமா? இந்தத் தெருவில் எண்ணிய நாயே அடுத்த தெருவில் போய் நின்று இன்னொரு தரம் கணக்கில் ஏறிவிடும். அதனால் முதல் நாள், கண்ணில் படுகிற நாய்களின் முதுகிலெல்லாம் நீளக் குச்சியால் பச்சைச் சாயம் தடவிவிடுவார்கள். மறுநாள் அதே தெருக்களைச் சுற்றுவார்கள். எதிர்ப்படுகிற நாய்களில் பெரும்பாலானவை பச்சையாக இருந்தால், அந்தக் குடியிருப்பில் நாய்கள் கொஞ்சம்தான். பச்சை அபூர்வமாகத் தென்பட்டால், ஏராளம்.

பச்சையே இல்லையென்றால்? இன்றைக்குப் பார்ப்பதெல்லாம் புது நாய்கள் என்று அர்த்தம். கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

நகராட்சி கறாராகச் சொல்லியிருந்தது. சமாளிக்கிற அளவில் இருந்தால், அறக்கட்டளையே கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் மொத்தத்தையும் நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இந்த வாரத்துக்குள் அவள் அறிக்கை தர வேண்டும்.

“ஏம்மா, எல்லாம் நேத்துப் பாத்த மூஞ்சியாத்தானே தெரியுது?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. தோணுறதையெல்லாம் அறிக்கையில எழுத முடியுமாண்ணே? அடையாளம் வேணும்.”

“மழை கிழை பேஞ்சு கரைஞ்சிருக்குமோ?”

“மண்டையைப் பிளக்குது வெயில். மழைக்கு எங்க போறது?”

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். “பேசாம, பாதி நாய் பச்சைன்னு போட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

ஒரு நொடி அவளுக்கும் சபலம் தட்டியது. சுவர் நிழலில் ஒரு தாய்நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னைக்கு இதுங்களுக்காகப் பொய் சொன்னா, நாளைக்கு நான் சொல்ற உண்மையை எவன் நம்புவான்? வேணாண்ணே.”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மனு மாமா வெளியே வந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மனு, வேகமாக வந்தாலும் மனு என்று எழுதித் தள்ளுவதால் ஊர் வைத்த பெயர் அது. நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனு போட்டவரும் சாட்சாத் அவரேதான்.

“என்னம்மா, பச்சை ஏதாவது கிடைச்சுதா?”

“இல்ல சார்.”

“ஒண்ணுகூடவா?” மாமாவின் முகம் மலர்ந்தது. “அப்படிப் போடு! பின்பக்கத் தெருவுலயும் பாத்தீங்களா?”

“எல்லாத் தெருவும் பாத்தாச்சு.”

“அப்பாடா! உள்ள வாங்க ரெண்டு பேரும். ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகலாம்.”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாரே மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்குச் சந்தோஷமாத்தான் சார் இருக்கும். நீங்க கேட்டபடியே நடக்கப்போகுது. வண்டி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும்.”

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “வண்டியா? எதுக்கு வண்டி? அதான் பச்சையே இல்லையே!”

“அதனாலதான் சார் வண்டி. பச்சை, நாயைப் பிடிக்கிறதுக்கு வெச்ச அடையாளம் இல்ல. எண்ணுறதுக்கு வெச்சது. இன்னைக்கு அது நிறையக் கண்ணுல பட்டிருந்தா, இங்க நாய் கொஞ்சம்தான்னு ஆகியிருக்கும். ஊசியைப் போட்டு இங்கேயே விட்டிருப்போம்.”

மாமா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருமுனையிலிருந்து காது மடிந்த நாயொன்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்தது. அவர் கை தன்னால் அதன் தலைக்குப் போனது.

“மனு எழுதுறது எனக்குப் பழக்கதோஷம்மா. நேத்து நீ இதுங்க முதுகுல பச்சை வெச்சுக்கிட்டே போனதைப் பாத்ததும்தான் பக்குன்னு ஆயிருச்சு. சோறு இறங்கல” என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். “இன்னொரு தரம் வெச்சுப் பாரும்மா. சத்தியமா, இந்தத் தடவை நான் ஒண்ணையும் குளிப்பாட்ட மாட்டேன்!”