தழும்பில்லாத மணிக்கட்டு

எங்கள் கோளில் ஒருத்தியிடம் இருப்பது பிடித்துப்போய் அதைக் கேட்டுவிட்டால், அவள் மறுக்கக் கூடாது. மணிக்கட்டைக் கீறி ஒரு சொட்டுத் தருவாள். அதை மரபணு நெய்பவரிடம் கொடுத்தால், அடுத்த முறை நாம் தோலுரிக்கும்போது அவளுடையது நம் உடம்பிலும் முளைத்திருக்கும். பக்கத்துக் குகையில் இருக்கும் நுவளியின் வாசலில் எப்போதும் கூட்டம். நானும் போய் நின்றேன். முதலில் அவள் கழுத்தின் நீல ஒளியை வாங்கினேன், பிறகு ஆறாவது விரலை, பிறகு குரலை. எல்லாம் எனக்கும் வந்தன. ஆனாலும் நீல ஒளி வேண்டியவர்கள் என் வாசலைத் தாண்டி அவளிடம்தான் போனார்கள். அவள் மணிக்கட்டு முழுக்கத் தழும்பு. என்னுடையது பிறந்த அன்று இருந்ததைப் போலவே வழவழவென்று இருந்தது. என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

நேற்று நுவளியே என் வாசலில் வந்து நின்றாள்.

“உங்கிட்ட ஒண்ணு கேக்கலாமாடி?”

என் கழுத்து தானாக ஒளிர்ந்தது. கத்தியை நானே எடுத்துக் கொடுத்து, கையை நீட்டினேன்.

“என்ன வேணுமோ கேளு.”

“என்னைப் பாக்கறப்பல்லாம் உனக்குள்ள ஒண்ணு எரியுதே, அதுதான். எனக்கு யாரைப் பாத்தும் அப்படி வந்ததே இல்லடி.”

என்னிடம் இருப்பதில் அவளிடமிருந்து வாங்காதது அது ஒன்றுதான். கேட்டுவிட்டாள், மறுக்கக் கூடாது. நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.