கறுப்பு வயர்

கதாநாயகன் ஐந்தாவது முறையாகக் கறுப்பு வயரையே வெட்டிவிடுகிறார். மேசைமேல் இருக்கும் பொய் வெடிகுண்டின் சிவப்பு எண்கள் பதினேழோடு பொட்டென்று அணைகின்றன. அதைச் செய்தவள், யூனிட்டே பாம் அக்கா என்று கூப்பிடுகிறவள், பல்லைக் கடித்துக்கொண்டு அறுந்த வயரை மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைக்க உட்காருகிறாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் சும்மா தொங்குகிற வயர்கள். கறுப்பு ஒன்றில்தான் பேட்டரியிலிருந்து எண்களுக்குக் கரண்ட் போகிறது. அதை உள்ளே மறைக்கப் பெட்டியையே பிரிக்கவேண்டும், ஜன்னல் வெயிலோ மேசை விளிம்புக்கு இறங்கிவிட்டது. சிவப்பை வெட்டுங்கள், எண்கள் அணையக்கூடாது என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியாயிற்று. மனுஷன் குனிந்து பார்த்தால்தானே? இடது கன்னம்தான் எடுப்பாம். அதைக் கேமராவை விட்டு அரை அங்குலம் திருப்பமாட்டார், கை அது பாட்டுக்குத் துழாவும். ஈயப் புகை அவள் கண்ணைக் கரிக்கிறது. "வெயில் போச்சுன்னா சீனே போச்சு," என்று டைரக்டர் கத்துகிறார். அவள் கதாநாயகனின் காதோரம் குனிகிறாள். "அண்ணா, கறுப்புல கத்தரி பட்டுச்சுன்னா ஷாக் தூக்கி அடிக்கும், சொல்லிட்டேன்." அவர் நெற்றியில் முதல்முறையாக நிஜ வியர்வை அரும்புகிறது. கேமரா ஓடுகிறது. பெட்டியில் எண்கள் இறங்குகின்றன: நாலு, மூணு, ரெண்டு. அவர் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்டுகிறார். கறுப்பு வயர் இரண்டாகத் தொங்குகிறது, எண்கள் அணைகின்றன.