குழாயடி ரோஜா

“நர்சரிக்காரர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் அந்தச் செடியை யாரும் தொடக் கூடாது,” என்றாள் மாமியார்.

குழாயடியில் தானாக முளைத்த ரோஜா அது. இளஞ்சிவப்புப் பூவுக்கு ஓரத்தில் மட்டும் மஞ்சள். அப்படி ஒரு பூவை அந்தத் தெருவே பார்த்ததில்லை.

“போன மாசம் இதுலேர்ந்து வெட்டி நட்டு வெச்ச குச்சிகள்ல மூணு வேர் விட்டிருக்கே அத்தை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒண்ணு கொடுக்கட்டுமா? பாவம், மதில் வழியா எட்டி எட்டிப் பார்க்கறாங்க.”

“ஒரு இலைகூடக் கிடையாது. அவளோட பேச்சை விட்டு ரெண்டு வருஷமாச்சு. இது முழுக்க முழுக்க நம்ம வீட்டுப் பிள்ளை.”

நர்சரிக்காரர் வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார், முள்ளைத் தடவினார், பூவை முகர்ந்தார்.

“யோகக்காரங்கம்மா நீங்க. விதை விழுந்து முளைச்ச புது ரகம் இது. இதுக்கு அம்மா உங்க வாசல்ல நிக்கற சிவப்பு ரோஜா. அப்பா ஏதோ மஞ்சள் ரோஜா. இங்க எங்கயாவது இருக்கா?”

மாமியார் மதில் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“பக்கத்து வீட்டுல இருக்குங்க. அதோட கிளை எங்க பக்கம் சாய்ஞ்சதுன்னு அத்தை வெட்டிப் போட்டாங்க. சண்டையே அதுலதான் ஆரம்பிச்சது.”

“வெட்டறதுக்கு முன்னாடியே தேனீ வேலையை முடிச்சிருக்கு,” என்றார் அவர்.

சாயங்காலம் மாமியார் முகம் கழுவி, தலை வாரி, மூன்று கன்றுகளில் நன்றாகத் தழைத்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்டீங்க அத்தை?”

“பக்கத்து வீட்டுக்குத்தான். சம்பந்தியோட எத்தனை நாளைக்குப் பேசாம இருக்கறது?”