சிவப்பு மையில் ஒரு வரி

அது தன் கையெழுத்துதான். சாரதா டீச்சருக்குச் சந்தேகமே இல்லை.

மலையூரான பிரிஞ்சாங்கில், பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கான பட்டறை. அதுவரை தேநீரோடு தரும் கரிபாப் பலகாரம் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் இருபது பேரும் இப்போது திரையைப் பார்த்தார்கள். யாரோ ஒரு மாணவனின் சொல்வதெழுதுதல் நோட்டு. பாதிக்கு மேல் பிழை. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'உனக்குப் படிப்பு ஏறாது. கொழுந்து கிள்ளப் போ.'

"பேர மறைச்சிட்டேன்," என்றார் பயிற்றுநர் திருமாறன். நோட்டைத் தூக்கிக் காட்டிய அவர் விரலிலும் சிவப்பு மை ஒட்டியிருந்தது. "இதப் படிச்ச பிள்ள மறுநாள் பேனாவத் தொடுமா? சொல்லுங்க."

"இப்படி எழுதுனவங்கள வேலைய விட்டே தூக்கணும்லா சார்!" என்றாள் பக்கத்தில் இருந்த துளசி டீச்சர்.

சாரதா பேர் மறைத்த இடத்தையே பார்த்தாள். விமலனின் நோட்டு. பத்து வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் ஆண்டு வகுப்பில், அவள் இதே வரியை எழுதிக் கொடுத்த நோட்டு. அது எப்படி இந்த மனிதர் கையில் கிடைத்தது?

அன்று சாயங்காலமே அவன் அம்மா வேலம்மா, தேயிலைக் காட்டிலிருந்து நேராக வந்து நின்றாள். "சிவப்புல என்னமோ எழுதியிருக்கீங்க டீச்சர். எனக்குப் படிக்கத் தெரியாது, பையன் சொல்ல மாட்டேங்கிறான். என்னான்னு கொஞ்சம் சொல்லுங்க."

"நல்லாப் படிச்சா பெரிய ஆளா வருவான்னு எழுதியிருக்கேம்மா."

கூசாமல் சொன்னாள் சாரதா. வேலம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். விமலன் அம்மா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்று அவன் கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறான். வழியில் கண்டால் சாரதாதான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எங்க பள்ளியிலயே சிறந்த ஆசிரியர்," என்று காலையில்தான் தலைமையாசிரியர் அவளை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தியிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் இருபத்திரண்டு வருஷத்து மரியாதை போச்சு. திறக்காவிட்டால், அந்தப் பையனுக்கு எதிரே இரண்டாவது தடவையும் பொய் சொன்ன மாதிரி.

எழுந்தாள்.

"அது நான் எழுதுனது சார். அவங்க அம்மாகிட்டயும் பொய் சொன்னேன். நான் செஞ்சது பாவம்."

தலைமையாசிரியர் திரும்பிப் பார்த்தார். துளசி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

திருமாறன் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர்... அந்த வரிய பட்டறைக்காக இன்னிக்குக் காலையில நான்தான் எழுதுனேன்."